சாம்பார் பொடி கூடவே போகிறது, கதை போகிறதா? ‘கோஷர்’ சுற்றுலா நம்ம ஊர் டூர்களுக்குச் சொல்வது என்ன?

சேலம், நாமக்கல் பக்கம் ஒட்டப்படும் எந்த யாத்திரை நோட்டீஸைப் பார்த்தாலும் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்: ‘சமையல்காரர் உடன் வருகிறார்’. காசி, பத்ரிநாத் என்றிருந்தது இப்போது மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று விரிந்துவிட்டது. ஊர் மாறினாலும் அந்த வரி மாறவில்லை. “அங்க போய் சோத்துக்கு என்ன பண்றது?” என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் வீட்டுப் பெரியவர்கள் அட்வான்ஸ் கட்டவே சம்மதிப்பார்கள்.

வீட்டில் உள்ள இளசுகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். “ஃபிளைட் ஏறிப் போயும் தயிர்சாதமா?” என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் இதே சோற்றுக் கேள்வியை நம்மைவிடப் பல மடங்கு கறாராகக் கேட்டுக்கொண்டு உலகம் சுற்றும் ஒரு கூட்டம் இருக்கிறது. மத விதிகளைக் கடைப்பிடிக்கும் யூதர்கள்தான் அவர்கள். போலந்து, ஸ்பெயின், மொராக்கோ என்று தங்கள் முன்னோர் வாழ்ந்த ஊர்களைத் தேடிக் குழுவாகப் போகிறார்கள். நமக்குப் பக்கத்தில் இருக்கும் கொச்சிக்கும் வருகிறார்கள். சமையலறையும் கூடவே வருகிறது. இதற்குப் பெயர் ‘கோஷர்’ சுற்றுலா.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் சமையலறை இல்லை. அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று.

‘கோஷர்’ என்றால் என்ன?

எபிரேய மொழியில் ‘தகுதியானது’ என்று பொருள். யூத மத விதிப்படி சாப்பிடத் தகுதியான உணவு கோஷர். இறக்குமதி சாக்லேட் கவரின் மூலையில் வட்டத்துக்குள் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்திருக்கலாம். கோஷர் சான்று வழங்கும் ஓர் அமெரிக்க அமைப்பின் முத்திரை அது.

முக்கியமான விதிகள் இவை:

• குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசைபோட வேண்டும். இரண்டும் பொருந்தும் விலங்கையே உண்ணலாம். ஆடு, மாடு சரி. பன்றி, ஒட்டகம், முயல் கூடாது.

• மீனுக்குத் துடுப்பும் செதிலும் இருக்க வேண்டும். இறால், நண்டு, கணவாய்க்கு இடமே இல்லை.

• பயிற்சி பெற்ற ஒரு யூதர்தான் விதிப்படி அறுக்க வேண்டும். பிறகு உப்பிட்டு ரத்தத்தை நீக்க வேண்டும்.

• இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. பாத்திரம்கூடத் தனித்தனி. இறைச்சி சாப்பிட்டபின் பால் பொருளைத் தொடப் பலர் 6 மணி நேரம் காத்திருப்பார்கள்.

• முட்டை சரி. ஆனால் உடைத்துப் பார்க்கும்போது ரத்தப் புள்ளி இருக்கக் கூடாது. அதனால் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே சமையலில் சேர்ப்பார்கள்.

நம்ம ஊர் விளைச்சலும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. முட்டை இறைச்சியிலும் சேராது, பாலிலும் சேராது. இரண்டு வகைச் சாப்பாட்டோடும் சாப்பிடலாம். ‘பெசாக்’ என்ற பாஸ்கா பண்டிகை நாட்களில் கோதுமை, பார்லி போன்ற 5 தானியங்களில் செய்த புளித்த எதையும் தொட மாட்டார்கள். அப்போது உருளைக்கிழங்கு மாவும் மரவள்ளிக்கிழங்கு மாவும்தான் கை கொடுக்கும். நாமக்கல் முட்டைக்கும் சேலத்து சேகோவுக்கும் பெயர் போன பூமிக்கு இது ஒன்றும் தூரத்து விஷயம் இல்லை. ஏற்றுமதிக்காக கோஷர் சான்று வாங்கும் உணவு நிறுவனங்கள் இந்தியாவில் நிறையவே உண்டு.

சுத்த சைவ ஹோட்டல் போதாதா?

போதாது. இங்கேதான் பலருக்கும் குழப்பம் வரும். “வெஜ்தானே, இட்லி சாப்பிடட்டுமே” என்று தோன்றும். ஆனால் கறாராக இருப்பவர்களுக்கு அந்த இட்லிப் பானையில் முன்பு என்ன வெந்தது என்பதும் கேள்வி. கீரையிலும் காலிஃபிளவரிலும் புழு, பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார்களா என்பது அடுத்த கேள்வி. சீஸ் உறைய எதைச் சேர்த்தார்கள் என்பது இன்னொன்று. சில வகைச் சமையலில் அடுப்பையாவது ஒரு யூதர் பற்றவைத்திருக்க வேண்டும் என்றும் விதி உண்டு.

அடுத்து ஓய்வு நாள். வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனிக்கிழமை இரவு வரை ‘சபாத்’. வண்டியில் ஏறக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. ஆகவே வெள்ளி மாலைக்குள் குழு ஓர் ஊரில் தங்கிவிட வேண்டும். ஜெப ஆலயம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமைச் சாப்பாட்டை வெள்ளியன்றே சமைத்துச் சூடாக வைத்திருக்க வேண்டும்.

ஒரு டூர் மேனேஜருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் பயணத் திட்டமே இந்த விதிகளைச் சுற்றித்தான் போடப்படுகிறது. பொறுப்பு முழுக்கப் பயணம் போகிறவர் தலையில். போகிற ஊர்க்காரர் தன் சமையலை மாற்ற வேண்டியதில்லை.

நாம் கவனிக்க வேண்டிய முதல் இடம் இது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று தீப்பிடித்து, லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களில் 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி எடுத்துவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. நம் சாப்பாடு நமக்கு வேண்டும் என்பதில் தப்பில்லை. அதைத் திட்டமிட்டுச் செய்யாமல், “எப்படியாவது சமாளிச்சுக்கலாம்” என்று கிளம்புவதுதான் தப்பு.

சேலத்தில் தொடங்கும் சாலை

சேலத்திலிருந்து சங்ககிரி, குமாரபாளையம், கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544 முடியும் இடம் கொச்சி. சுமார் 350 கி.மீ. நாமக்கல் முட்டை லாரிகளுக்கு மனப்பாடமான ரோடு. அந்த ரோட்டின் மறுமுனையில்தான் இந்தியாவின் முக்கியமான யூதப் பாரம்பரியத் தலங்களில் ஒன்று இருக்கிறது.

மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீல-வெள்ளை ஓடுகள். அவை கையால் வரையப்பட்டவை. உள்ளே போக வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். உலகின் பெரும்பாலான ஜெப ஆலயங்களில் இல்லாத இந்த வழக்கம் இந்த மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டது. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு இந்தச் சமூகத்தின் மிகப் பெரிய சொத்து. அதன் எழுத்து நாம் நடுகற்களில் பார்க்கும் அதே வட்டெழுத்து.

இந்த உறவு கேரளத்தோடு நின்றுவிடவில்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறதே, 17-ம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பவளத்தை இறக்கி, இங்கிருந்து வைரம் ஏற்றிய யூத வணிகர்கள் விட்டுப்போன பெயர் அது.

1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு, 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். யூதத் தெருவில் எம்பிராய்டரி கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019-ல் தன் 96-வது வயதில் இறந்தார். இன்று அந்தத் தெருவில் மிஞ்சியிருக்கும் யூதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பத்துப் பேர் கணக்கு

யூதர்களின் மரபுவழிக் கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது 10 ஆண்கள் வேண்டும். ‘மின்யான்’ என்று பெயர். உள்ளூரில் அத்தனை பேர் இல்லை என்றால், விளக்கு இருக்கும், மறைநூல் சுருள் இருக்கும், முழுமையான கூட்டு வழிபாடு இருக்காது.

அப்போது ஒரு சுற்றுலாக் குழு வந்து இறங்குகிறது. அந்தக் குழுவிலேயே 10 ஆண்கள் இருந்தால், அந்த ஆலயம் மறுபடியும் ஆலயமாகிறது. அது ஒரே ஒரு சபாத்துக்குத்தான் என்றாலும் சரி. டிக்கெட் வாங்கி, போட்டோ எடுத்துத் திரும்பும் நம்மைப் போன்றவர்களுக்கு அது மியூசியம். அவர்கள் அங்கே போய் நிற்பதால் அது உயிர் பெறுகிறது.

பாரம்பரியச் சுற்றுலாவை மற்ற சுற்றுலாக்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். இதில் ‘போய்ப் பார்த்தோம்’ என்பது போதாது. ‘நாம் போனதால் அங்கே என்ன நடந்தது?’ என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

இது தீண்டாமை இல்லையா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ‘இன்னார் சமைத்தால்தான் சாப்பிடுவேன்’ என்ற வார்த்தைக்கு இங்கே ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. பள்ளிச் சத்துணவில் யார் சமைக்கிறார் என்று பார்த்துக் குழந்தைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த செய்திகளை நாம் இன்னும் மறக்கவில்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கோஷர் விதி ‘நான் இதைச் சாப்பிட மாட்டேன்’ என்று தன்னையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. சாதி விதி எதிரில் இருப்பவர் பிறப்பில் தாழ்ந்தவர் என்று முத்திரை குத்துகிறது. அதற்காகக் கோஷர் விதியில் எல்லைக்கோடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. யாரோடு சேர்ந்து உண்பது என்ற கேள்வி அதற்குள்ளும் இருக்கிறது. எந்த உணவு விதியும் எப்போது வேண்டுமானாலும் மனிதரைப் பிரிக்கும் கோடாக மாறலாம்.

அதற்கு உதாரணம் மட்டாஞ்சேரியிலேயே கிடைக்கிறது, பெயரும் சேலம். ஏ.பி. சேலம் (1882-1967). நம்ம ஊருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, அது எபிரேயப் பெயர். ‘விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வம்சம்’ என்று ஒதுக்கப்பட்ட யூதப் பிரிவில் பிறந்து வழக்கறிஞரானவர். அதே பரதேசி ஜெப ஆலயத்தில் அவருடைய மக்களுக்கு மற்றவர்களோடு சமமாக உட்காரும் உரிமை இல்லை. முன்கூடத்தில்தான் இடம். சேலம் காந்திய வழியில் சத்தியாகிரகம் செய்தார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ‘யூத காந்தி’ என்று அவரை அழைப்பார்கள். சாதி இல்லாத மதத்துக்குள்ளும் நம் மண்ணின் சாதி எப்படிப் புகுந்தது, அதை ஒருவர் எப்படி எதிர்த்தார் என்ற கதை இது.

நீலத் தரை ஓட்டை மட்டும் காட்டிவிட்டு இந்தக் கதையைச் சொல்லாமல் போகும் கைடு, பாதிப் பாரம்பரியத்தை மறைக்கிறார். பெருமையை மட்டும் காட்டுகிற பயணம் விளம்பரம். அவமானத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு. யூதர்களின் போலந்துப் பயணம் இதைத்தான் செய்கிறது. கிராக்கூவின் பழைய ஜெப ஆலயங்களைப் பார்ப்பவர்கள் ஆஷ்விட்ஸ் வதை முகாமையும் பார்க்காமல் திரும்புவதில்லை. 1988 முதல் ‘வாழ்வோரின் அணிவகுப்பு’ என்ற பெயரில் இளைஞர்கள் அங்கே நடந்தே போகிறார்கள்.

இத்தகைய பயணங்கள் எல்லாமே அப்பழுக்கற்றவை என்று சொல்ல முடியாது. 1999-ல் தொடங்கிய ‘பர்த்ரைட்’ திட்டம் வெளிநாட்டு யூத இளைஞர்களை இலவசமாக இஸ்ரேலுக்கு அழைத்துப் போகிறது. பாலஸ்தீனர்களின் கதையை அது சொல்வதில்லை என்று யூத இளைஞர்களே கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியும் சரிதான். ஒரு தரப்பை மறைத்துச் சொல்லும் வரலாற்றைச் சந்தேகப்பட வேண்டியது பயணியின் கடமை.

நம்ம டூரில் இல்லாதது எது?

சேலம், நாமக்கல் பக்கமிருந்து இலங்கை போகும் வழக்கமான டூரை எடுத்துக்கொள்வோம். கொழும்பு, கண்டி, நுவரெலியா, சீதை அம்மன் கோயில். வழியில் ஒரு டீ ஃபேக்டரி. பச்சைப் பசேல் என்ற மலையைப் பின்னால் வைத்து செல்ஃபி. மதியம் நம்ம சாம்பார், ரசம். அவ்வளவுதான்.

அந்த மலையைப் பச்சையாக்கியவர்கள் யார்? 19-ம் நூற்றாண்டில் முதலில் காப்பி, பிறகு தேயிலைத் தோட்டங்களுக்காகக் கூட்டிச் செல்லப்பட்ட தமிழர்கள். திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை போலவே அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்தும் போனார்கள். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. பசியும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, கங்காணி பின்னால் ராமேஸ்வரம் கரை வரை நடந்தார்கள். தோணியில் மன்னார் கரை இறங்கி, காட்டுவழியில் மாத்தளை வரை மறுபடியும் நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை.

அவர்கள் பேரப்பிள்ளைகளின் குடியுரிமையை 1948-ல் இலங்கை பறித்தது. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. யார் எங்கே போவது என்பதை இரண்டு அரசுகள் பேசி முடித்தன. அப்படித் திரும்பி வந்தவர்கள் நீலகிரியில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் நம் பக்கத்துத் தெருவிலேயே வாழ்கிறார்கள்.

நம் டூர் பஸ், அந்த லயன் வீடுகளுக்கு முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. நிற்பதில்லை. பஸ்ஸுக்குள் இருப்பவரின் கொள்ளுத்தாத்தாவின் தங்கை அந்த லயன் ஒன்றில் பிள்ளை பெற்றிருக்கலாம். யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

சமையலறை போகிறது. கதை போகவில்லை. நம்ம ஊர் டூர்களின் குறை அதுதான்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம். திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. இருக்கிற டூரிலேயே ஒரு நாளை மாற்றினால் போதும்.

முதலில், நிற்க வேண்டிய இடம். கம்பளைக்கு அருகே நியூ பீகாக் தோட்டத்தில், பழைய லயன் அறைகளிலேயே அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் இருக்கிறது. தொழிலாளர் புழங்கிய பொருட்களும் ஆவணங்களும் அங்கே உண்டு. கண்டியிலிருந்து நுவரெலியா போகிறவர்களுக்கு இது பெரிய சுற்று இல்லை.

இரண்டாவது, யார் பேச வேண்டும் என்பது. கொழும்பில் ஏறும் கைடு அல்ல, மலையகத்தில் பிறந்து வளர்ந்த ஓர் ஆசிரியரோ, ஓய்வு பெற்ற தொழிலாளியோ பேசட்டும். சும்மா அல்ல, உரிய சம்பளத்தோடு. கோஷர் குழுக்களின் சமையலறைக் கறாரில் பத்தில் ஒரு பங்கை இதில் காட்டினால் போதும்.

மூன்றாவது, எப்படிப் போவது என்பது. லயன் வீட்டுக்குள் கேமராவோடு நுழைந்து வறுமையைப் படம் பிடிப்பது பாரம்பரியச் சுற்றுலா அல்ல. அழைத்தால் போகலாம், உட்காரலாம், கேட்கலாம். அவர்கள் கொடுக்கும் தேங்காய் ரொட்டியைச் சாப்பிடலாம். நம் டூரில் சமையல்காரர் இருக்கிறார் என்பதற்காக அந்த ரொட்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. கோஷர் பயணிக்கு மத விதி இருக்கிறது. நமக்கு அப்படி என்ன தடை?

நான்காவது, வருகிறவர்களை வரவேற்பது. 1860 நவம்பர் 16-ல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் அப்படிப் போனார்கள். கப்பல் பதிவேடுகளில் பெயரோடு மாவட்டம், தாலுகா, கிராமம் வரை எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தாம் தலைமுறைக்காரர்கள் ஊர் தேடி வருகிறார்கள். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை இன்றைய கிராமத்தோடு பொருத்திக் காட்ட, இந்தப் பகுதியை அறிந்த ஆள் வேண்டும். வரலாறு படித்துவிட்டு வேலை தேடும் பட்டதாரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் என்ன இருக்கிறது? அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்துவரும் தமிழக அரசின் ‘வேர்களைத் தேடி’ திட்டம் ஏற்கெனவே ஒரு கதவைத் திறந்திருக்கிறது. பெரிய கோயில்களோடு, ஆட்கள் புறப்பட்டுப் போன சின்னக் கிராமங்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

நடந்து காட்டியவர்கள்

“இதெல்லாம் யாருங்க பணம் கொடுத்துப் பார்க்க வருவாங்க?” என்று டூர் நடத்துபவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலை மலையக மக்களே சொல்லிவிட்டார்கள். முன்னோர் வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி, 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழித்தடத்தில் ஒரு நடைப்பயணம் போனார்கள். தாத்தா, பாட்டி செத்து விழுந்த பாதையில் பேரப்பிள்ளைகள் நடந்தார்கள். வழியெங்கும் சிங்களவர்களும் முஸ்லிம்களும் நின்று வரவேற்றார்கள்.

பத்துப் பேர் வந்து நின்றால் ஒரு ஜெப ஆலயம் உயிர் பெறுவது போல, சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஒரு பஸ் நிறைய ஆட்கள் போய் ஒரு லயன் முற்றத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், அறுந்துபோன ஒரு பேச்சு மறுபடி தொடங்கும். “நீங்க எந்த ஊரு?” என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்திலிருந்து “ராசிபுரம் பக்கம்னு எங்க தாத்தா சொல்வாரு” என்று ஒரு பதில் வரலாம்.

அடுத்த முறை வீட்டில் இலங்கை டூர் நோட்டீஸ் வந்தால், சமையல்காரர் வருகிறாரா என்று அம்மா, அப்பா கேட்பார்கள். அதைக் கேட்கட்டும், தப்பில்லை. கூடவே இன்னொரு கேள்வியை நீங்கள் கேளுங்கள்: “எஸ்டேட்ல எங்க நிறுத்துவீங்க?” நாலு பேர் கேட்டால், அடுத்த சீசன் நோட்டீஸில் அந்த வரியும் வந்துவிடும்.